அத்தியாயம் 6: ஷோரூம் மேசையில் விலை பேசுதல்

எந்தக் கார், எந்த வேரியன்ட், என்ன நிறம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. இனி விலை. இந்த அத்தியாயம் அந்த ஒரு வேலைக்கானது. கணக்குகள் எல்லாம் தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவாகும் புதிய காருக்குப் பொருந்தும்.

ஷோரூமில் சொல்லும் 'ஆன்-ரோடு விலை'க்குள் எட்டுப் பத்துத் தொகைகள் அடங்கியிருக்கின்றன. சில அரசு விதித்தவை. ஒரு ரூபாய்கூடக் குறையாது. சில பேசினால் குறையும். ஓரிரண்டு இருக்கவே கூடாதவை. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பேரம் பேசுகிறவருக்கு ஒரு வரியில் பத்தாயிரம் குறைத்து, இன்னொரு வரியில் பன்னிரண்டாயிரம் ஏற்றிவிட முடியும். அவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார். நீங்கள் அப்படிப் போகக் கூடாது என்பதற்காகவே கீழே உள்ள ஒழுங்கு: வரி வரியாகப் பேசுங்கள், ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

கொட்டேஷனைப் பிரித்துப் படிப்பது

எக்ஸ்-ஷோரூம் விலை. ஜிஎஸ்டி இதற்குள்ளேயே இருக்கிறது. தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொகை தெரியும். டீலர் சீட்டில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். தள்ளுபடி எதுவானாலும் இந்தத் தொகையிலிருந்து கழிக்கப்பட வேண்டும்.

சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட ஆயுள்கால வரி இது: கார் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சக் கோட்டை நன்றாகக் கவனியுங்கள். 9.90 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் ரூபாய் காருக்கு 1,81,800. காரின் விலை இருபதாயிரம்தான் கூடியது, வரியோ ஐம்பத்து மூவாயிரம் கூடிவிட்டது. சன்ரூஃபுக்காக அடுத்த வேரியன்டுக்குத் தாவும்முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இதில் மிச்சமாவதை எந்த மேனேஜரும் தள்ளுபடியாகத் தரமாட்டார்.

டி.சி.எஸ். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். இது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள்.

பதிவுக் கட்டணம். காருக்கு 600 ரூபாய். கடன் வாங்கினால், அதை ஆர்.சி.யில் குறிக்க 1,500. ஸ்மார்ட் கார்டு போன்ற சில்லறைகள் சேரும். 'ஆர்.டி.ஓ. செலவு' என்று மொட்டையாக ஒரு பெரிய தொகை இருந்தால், அதில் சாலை வரி எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், வாரண்டி நீட்டிப்பு, கோட்டிங். பேசக்கூடிய பணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

ஹேண்ட்லிங் சார்ஜ். லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ், டெப்போ சார்ஜ், ஃபைல் சார்ஜ் என்றும் பெயர் மாற்றி வரும். தொழிற்சாலையிலிருந்து காரைக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அரசு கேட்கும் கட்டணங்களில் இப்படி ஒன்று இல்லை. ஆகவே இந்த வரியைக் குறைக்கச் சொல்லிப் பேசாதீர்கள். அடிக்கச் சொல்லுங்கள்.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது

புதிய காரில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் சில சதவீதமே. ஒரு லட்சம் தள்ளுபடி என்று கேட்டால், அதில் பெரும்பகுதி தயாரிப்பு நிறுவனம் அந்த மாதத்துக்கு அறிவித்த திட்டத்திலிருந்து வருவது. நுகர்வோர் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், அதே நிறுவனக் கார் வைத்திருப்பவருக்கான லாயல்டி போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி என்று பல பெயர்களில் அது வரும். பழைய வண்டியை ஸ்கிராப் செய்தவர்களுக்குத் தனியாக ஒன்று இருக்கலாம். தகுதி இருந்தும் கேட்காதவருக்கு இவை கிடைக்காமல் போவது சாதாரணமாக நடக்கிறது. அரசு ஊழியர், ஆசிரியர், மருத்துவர், வங்கி ஊழியர், பெரிய நிறுவன ஊழியர் என்றால் அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

டீலர் தன் பையிலிருந்து தருவது தனி. கார் விற்பனையில் விடுவதை அவர் இன்சூரன்ஸ், கடன், ஆக்சஸரீஸ், பழைய கார் ஆகியவற்றில் எடுத்துவிடப் பார்ப்பார். இதில் தப்பில்லை, அவர் கடைக்கு வாடகையும் ஆட்களுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். உங்கள் வேலை, எங்கே எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது.

எப்போது போவது

சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்களுக்கு மாத இலக்கு உண்டு. மாதத்தின் கடைசி வாரம் நல்லது. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் முடிவு அதைவிட நல்லது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போகாமல், வார நாளில் மதியத்துக்கு மேல் போனால் மேனேஜரே உட்கார்ந்து பேசுவார்.

நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பல குடும்பங்கள் புது வண்டி எடுப்பதில்லை. ஷோரூமில் ஆள் நடமாட்டம் குறையும்போது பேச்சு இளகும். மார்கழி, டிசம்பர் பிற்பாதியில் தொடங்குவதால், ஆண்டு முடிவுச் சரக்கை ஒழிக்கும் அவசரமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மாதம் பார்க்கும் குடும்பமானால் மார்கழியில் விலை பேசி, தை பிறந்ததும் வண்டி எடுக்கலாம். ஆனால் திட்டம் புக்கிங் தேதிக்கா, இன்வாய்ஸ் தேதிக்கா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஜனவரியில் விலையேற்றுவது நிறுவனங்களின் வழக்கம். 'டெலிவரி நாளின் விலையே பொருந்தும்' என்ற வாசகம் புக்கிங் படிவத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

டிசம்பர் தள்ளுபடியில் இன்னொன்று: ஒரு மாதத்தில் அந்தக் கார் 'போன வருட வண்டி' ஆகிவிடும். பத்து ஆண்டு ஓட்டப்போகிறீர்கள் என்றால் கவலைப்படாமல் வாங்குங்கள். மூன்று நான்கு ஆண்டில் விற்கும் பழக்கம் உள்ளவர், இப்போது கிடைக்கும் தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுமா என்று பார்க்க வேண்டும்.

ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களில் நன்றாக விற்கும் மாடலுக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

படிப்படியாக

1. ஒரு தாளில் எழுதுங்கள்: மாடல், வேரியன்ட், ஏற்கத்தக்க இரண்டு நிறங்கள், அதிகபட்சம் தரக்கூடிய ஆன்-ரோடு தொகை. இந்தத் தாளை ஷோரூமில் யாருக்கும் காட்டாதீர்கள்.

2. டெஸ்ட் டிரைவ் ஒரு நாள், விலைப் பேச்சு வேறொரு நாள். ஓட்டிப் பார்த்த உற்சாகத்தோடு மேசையில் உட்காராதீர்கள். பேசும் நாளில் குழந்தைகளை அழைத்துப் போகாமல் இருப்பது நல்லது; 'அப்பா, இந்தச் சிவப்புதான்!' என்ற ஒரு குரல் போதும்.

3. அதே நிறுவனத்தின் மூன்று டீலர்களிடம் கொட்டேஷன் வாங்குங்கள். பக்கத்து மாவட்ட டீலரையும் சேர்க்கலாம். ஒவ்வொரு தொகையும் தனி வரியாக, தேதியோடு, தயாரிப்பு மாதமும் ஆண்டும் குறிப்பிட்டு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. வாயால் சொன்ன விலை விலையில்லை.

4. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தாளில் எழுதுங்கள். எந்த வரியில் யார் அதிகம் போட்டிருக்கிறார் என்று உடனே தெரியும்.

5. மேசையில் முதலில் காரின் விலை மட்டும். 'லோன் போடுறீங்களா, பழைய வண்டி இருக்கா' என்று தொடக்கத்திலேயே கேட்பார்கள். 'முதல்ல வண்டி விலையை முடிப்போம், மத்ததை அப்புறம் பேசலாம்' என்று சொல்லிவிடுங்கள்.

6. மேலே சொன்ன திட்டங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'எல்லாம் சேர்த்துத்தான் சார் போட்டிருக்கேன்' என்றால், எது எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள்.

7. திட்டங்கள் கழிந்த பிறகு, டீலர் தரப்பில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். வேறு டீலரின் சீட்டு கையில் இருந்தால் அதைக் காட்டுங்கள். இல்லாத விலையை இருப்பதாகச் சொல்லாதீர்கள். அந்த மாதத் திட்டம் என்னவென்று அவர்களுக்கு மனப்பாடம், பொய் உடனே தெரிந்துவிடும்.

8. உங்கள் தொகையைச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். அமைதியைத் தாங்க முடியாமல் நாமே ஐயாயிரம் ஏற்றிச் சொல்லிவிடுவதுதான் இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் தவறு.

9. கார் விலை முடிந்ததும் ஹேண்ட்லிங், ஆக்சஸரீஸ், இன்சூரன்ஸ், பழைய கார், கடன் என்ற வரிசையில் போங்கள்.

10. எல்லாம் முடிந்த பிறகு புக்கிங். முன்பணம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ரத்து செய்தால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பது படிவத்தில் இருக்க வேண்டும். பேசிய தள்ளுபடிகளும் இலவசங்களும் அதே படிவத்தில் எழுதப்பட்டு, கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பேசிய எக்ஸிகியூட்டிவ் அடுத்த மாதம் வேறு ஷோரூமுக்குப் போய்விடலாம், தாள் போகாது.

மேசையில் கேட்கப்போகும் பேச்சுகள்

'இதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல சார்.' பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். கோபப்படாமல், 'சரி தம்பி, யார் கையில இருக்கோ அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க, நான் உட்கார்ந்திருக்கேன்' என்று சொல்லுங்கள். அந்தப் பையனை அவமதித்து எதுவும் கிடைக்காது. உங்களுக்காக உள்ளே போய் மேனேஜரிடம் வாதாடப்போவது அவர்தான்.

'இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்.' மாதக் கடைசி நாளானால் இது உண்மையாக இருக்கக்கூடும். பத்தாம் தேதி சொன்னால் நம்ப வேண்டியதில்லை. 'ஒன்றரை மணிக்கு ராகு காலம், அதுக்குள்ள டோக்கன் போட்டுடுங்க' என்பதும் இதே அவசரத்தின் இன்னொரு வடிவம். நல்ல நேரம் நாளைக்கும் வரும்.

'மாசம் எவ்வளவு கட்ட முடியும் மேடம்?' இந்தக் கேள்விக்குத் தொகை சொல்லாதீர்கள். சொன்னால், தவணை அந்தத் தொகைக்குள் வரும்படி ஆண்டுகளை நீட்டிவிடுவார்கள். 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்று வையுங்கள். ஐந்து ஆண்டுக்கு மாதம் சுமார் 16,600 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1.96 லட்சம். ஏழு ஆண்டுக்கு மாதம் சுமார் 12,870. வட்டி சுமார் 2.81 லட்சம். மாதத் தவணை இலேசாகத் தெரியும், கையை விட்டுப் போவதோ எண்பத்தையாயிரம் அதிகம். ஷோரூமுக்குப் போகும்முன் உங்கள் வங்கியில் வட்டி, பிராசஸிங் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் உள்ள கட்டணம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஷோரூம் கடன் அதைவிட மலிவாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

'ஐம்பதாயிரம் மதிப்புள்ள ஆக்சஸரீஸ் ஃப்ரீ.' அந்த ஐம்பதாயிரம் அவர்கள் போட்ட விலை. சீட் கவரும் மிதியடியும் வெளியே என்ன விலை என்று பார்த்துவிட்டு, 'பொருள் வேண்டாம், அதில் பாதியைப் பணமாகக் கழிச்சுக்குங்க' என்று கேளுங்கள். டெஃப்ளான், செராமிக் கோட்டிங் வேண்டுமென்றே தோன்றினால், கார் வந்த பிறகு வெளியில் விலை விசாரித்துப் போட்டுக்கொள்ளலாம். நிறுவனத்தின் சொந்த வாரண்டி நீட்டிப்பு வேறு விஷயம்: ஆட்டோமேட்டிக் கியர், டர்போ இன்ஜின் உள்ள காருக்கு அது பயனுள்ள செலவு. ஆனால் அதை முதல் நாளே வாங்கத்தான் வேண்டுமா, அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எந்தத் தேதிவரை வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

குடும்பத்தில் காரை ஓட்டப்போவதும் பணம் கட்டப்போவதும் பெண்ணாக இருந்தும், பக்கத்தில் இருக்கும் ஆணைப் பார்த்தே விலை பேசும் ஷோரூம்கள் இன்னும் இருக்கின்றன. 'வாங்குறது நான், என்கிட்ட பேசுங்க' என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் மாறாவிட்டால் அடுத்த டீலரிடம் போகலாம்; கார் அங்கேயும் அதேதான்.

இன்சூரன்ஸ்

கவனக்குறைவால் அதிகப் பணம் போகும் இடம் இது. புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. எங்கே எடுத்தாலும் ஒன்றே. வித்தியாசம் எல்லாம் நம் வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீட்டிலும் ஆட்-ஆன்களிலும்தான். எந்த நிறுவனத்திடம் எடுப்பது என்பது உங்கள் உரிமை. ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த டீலருக்கு அதிகாரம் கிடையாது.

செய்ய வேண்டியது: ஷோரூம் இன்சூரன்ஸ் கொட்டேஷனைத் தனியாக வாங்குங்கள். அதே ஐ.டி.வி. (காப்பீட்டில் குறிக்கும் கார் மதிப்பு), அதே ஆட்-ஆன்களோடு வெளியே இரண்டு நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஜீரோ டெப்ரிசியேஷன் உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்டால் கணக்கு தவறும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போல மழைநீர் தேங்கும் ஊர்க்காரர்கள் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனை விடாதீர்கள். வெளி விலையைக் காட்டினால் ஷோரூமிலேயே குறைப்பது வழக்கம். 'வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது' என்று சொன்னால், அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இந்த சர்வீஸ் சென்டரோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே எடுக்கச் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் தேவை. அவை உள்ள புரொஃபார்மா இன்வாய்ஸை முன்கூட்டியே கேளுங்கள்.

எங்கள் இன்சூரன்ஸ் எடுத்தால் மட்டும் இந்தத் தள்ளுபடி என்று சிலர் நிபந்தனை வைப்பார்கள். அப்போது கொள்கை பேசாமல் கூட்டிக் கழித்துப் பாருங்கள். தள்ளுபடி 15,000, வெளியே எடுத்தால் மிச்சம் 9,000 என்றால் ஷோரூமிலேயே எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்க மறப்பது என்.சி.பி. கிளெய்ம் செய்யாமல் ஓட்டிய ஆண்டுகளுக்கான இந்தச் சலுகை, ஐந்து ஆண்டில் 50 சதவீதம்வரை போகும். அது காருக்கல்ல, உங்களுக்குச் சொந்தம். பழைய காரைக் கைமாற்றிய பிறகு பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் என்.சி.பி. கடிதம் வாங்கிப் புதிய காருக்குப் பயன்படுத்தலாம். கடிதம் மூன்று ஆண்டு செல்லும். சொந்தச் சேதப் பிரீமியம் 20,000 என்றால், முழுச் சலுகை இருந்தால் பத்தாயிரம் மிச்சம்.

பழைய காரைக் கொடுக்கும்போது

ஷோரூமுக்குப் போகும்முன் வெளியே பழைய கார் வாங்குகிறவர்களிடம் குறைந்தது இரண்டு விலை வாங்கிக்கொள்ளுங்கள். ஷோரூம் தரும் விலையோடு எக்ஸ்சேஞ்ச் போனஸைக் கூட்டி, வெளி விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்ல விடாதீர்கள். போனஸ் நிறுவனத்தின் பணம், காரின் மதிப்பு தனி.

எச்சரிக்கை: ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் அந்தக் காருக்கு உரிமையாளர் நீங்களே. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் கொடுத்துவிட்ட கார் அடுத்த வாரம் யாரையாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். ஆகவே:

- தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டை டீலரின் முத்திரையோடு வாங்குங்கள். 'இதற்குப் பிறகான விபத்து, அபராதம் அனைத்துக்கும் பொறுப்பு எங்களுடையது' என்ற வரி அதில் இருக்கட்டும்.
- பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ வாங்குபவர் பெயர் இல்லாமல் வெற்றாகக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள்.
- ஃபாஸ்டேகை எடுத்து, கணக்கை மூடுங்கள்.
- பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் அவ்வப்போது பாருங்கள். மாறும்வரை டீலரை விடாமல் கேளுங்கள்.

தள்ளுபடியே இல்லாத கார்

புதிதாக வந்து, மாதக்கணக்கில் காத்திருப்பு உள்ள மாடலுக்கு எக்ஸ்-ஷோரூமில் குறைக்கமாட்டார்கள். வற்புறுத்திப் பயனில்லை. அங்கே உங்கள் பேரம் மூன்று விஷயத்தோடு நிற்கும்: ஹேண்ட்லிங் வேண்டாம், கட்டாய ஆக்சஸரீஸ் கிட் வேண்டாம், இன்சூரன்ஸ் என் விருப்பம். இந்த மூன்றிலேயே நல்ல தொகை மிஞ்சும். வரிசையை முந்தித் தருகிறேன் என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டுவதும் வண்டியை எடுப்பதும்

பணம் எப்போதும் டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். எக்ஸிகியூட்டிவின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஆயிரம் ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கணக்கு எண்ணை வாட்ஸ்அப் செய்தியிலிருந்து எடுக்காமல், ஷோரூமுக்கு நேரில் போய்ச் சரிபாருங்கள். ஒரே கொள்முதலுக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள்.

மீதிப் பணம் கட்டுவதற்கும் பதிவு செய்வதற்கும் முன்பு, உங்களுக்கென ஒதுக்கிய காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேசிஸ் எண் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா, தயாரிப்பு மாதம் பேசியதுதானா, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது, டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் என்ன (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு), கதவு ஓரங்களிலும் பம்பரிலும் மறுபெயின்ட் தடயம் உண்டா என்று பாருங்கள். பதிவாகிவிட்டால் வேறு கார் கேட்பது பெரும்பாடு.

கடைசிப் பில்லை டெலிவரிக்கு முந்தைய நாளே வாங்கி, புக்கிங் படிவத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். டெலிவரி நாளில் வீட்டார் எல்லாரும் வந்திருப்பார்கள். மாலை, எலுமிச்சம்பழம், கேக், போட்டோ என்று நேரம் ஓடும். அந்தச் சந்தடியில் நீட்டும் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். விடுபட்ட தள்ளுபடிகளும் திரும்பி வந்த ஹேண்ட்லிங் சார்ஜும் அந்தத் தாள்களில்தான் ஒளிந்திருக்கும்.

எழுதித் தந்ததை டீலர் மறுத்தால், முதலில் ஷோரூமின் பொது மேலாளருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் படிவத்தின் படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி வந்தாலே பெரும்பாலான டீலர்கள் சரிசெய்துவிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. புக்கிங் படிவம், ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.